பாகற்காயும் வினையெச்சமும்: ஒக்கினாவாவில் ஜப்பான் மொழி படித்த கதை

ஜப்பான் மொழி படிக்கிறேன் என்றால் ஸ்ரீ கெம்பாங்கானில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தாமான் இக்குயின் ஏயோனை இன்னமும் ‘ஜஸ்கோ’ என்றே சொல்கிற அம்மாக்களின் பிள்ளைகள் அனிமே பார்த்தே பாதி மொழியைப் பிடித்துவிட்டார்கள். படிப்பதற்காக ஒக்கினாவா போகிறேன் என்றபோதுதான் வீட்டில் கேள்வி கிளம்பியது. “அது ஜப்பான்தானா? அங்க கடல்தானே இருக்கு?” என்று அத்தை கேட்டார். சித்தப்பா நேராகவே கேட்டுவிட்டார்: “படிக்கப் போறியா, குளிக்கப் போறியா?”

ரெண்டுக்கும்தான் சித்தப்பா. அதனால்தான் தோக்கியோ வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஆரம்பம் இங்கேதான். செர்டாங் ஸ்டேஷனில் காடியைப் போட்டுவிட்டு கொமுட்டர் ஏறினால் மிட்வேலிக்கு நேர் வண்டி. அங்கே நார்த்பாய்ண்ட் கட்டடத்தில் ஜப்பான் அறக்கட்டளையின் மொழி மையம் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பு முடிந்தால் இன்னும் ஒரே நிறுத்தம் போய் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ‘மருகோதோ’ பாடப்புத்தகத்தின் ஓரத்தில் சாம்பார்க் கறை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வகுப்பில் பாதிக்கு மேல் சீன நண்பர்கள். சீன எழுத்தை ஜப்பானில் ‘காஞ்சி’ என்பார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வைத்திருக்கிற பட்டியலில் 2,136 இருக்கின்றன. நான் ‘மீன்’ என்ற ஒரே எழுத்தை நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த பெண் அந்தப் பக்கம் முழுவதையும் பார்வையாலேயே படித்து முடித்துவிட்டாள். ஆனால் வாக்கியம் அமைக்கச் சொன்னால் அவளுக்கு வியர்க்கும். எனக்கு வியர்க்காது.

காரணம் தமிழ். ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கும்போது, “கவனம், வினைச்சொல் கடைசியில்தான் வரும்” என்று பெரிய எச்சரிக்கை மாதிரி சொல்வார். நமக்கு அது வேறெங்கே வரும்? ‘நேற்று சந்தைக்குப் போய் மீனை வாங்கினேன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கினோ இச்சிபா நி இத்தெ சகானா ஒ கத்தா.’ கினோ என்றால் நேற்று, இச்சிபா சந்தை, ‘நி’ நம்முடைய ‘-க்கு’, இத்தெ போய், சகானா மீன், ‘ஒ’ நம்முடைய ‘-ஐ’, கத்தா வாங்கினேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதை ஆங்கிலத்துக்கு ஒருமுறை, ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை தலைகீழாகப் புரட்டிக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பலருக்கு அந்த மொழியில் முதல் பெரிய மலை ‘தெ’ வடிவம். ஆங்கில வழிப் புத்தகங்களில் அதற்கு அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்கியிருப்பார்கள். எனக்கு ஒரு மாலையில் விளங்கிவிட்டது, ஏனென்றால் அது நம் வினையெச்சம். நாலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளி வாத்தியார் பிரம்பை மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த அதே சமாச்சாரம். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்பதற்குத் தனியாகவும் பார் என்றுதான் பொருள். ‘கத்தெ ஒகு’ வாங்கி வை. ஒகு என்றால் வை. ‘தபெதெ ஷிமத்தா’ சாப்பிட்டுவிட்டேன். மழை ‘ஃபுத்தெ இரு’ என்றால் மழை பெய்துகொண்டிருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்புகிற ஜப்பான் பிள்ளை ‘இத்தெ கிமாசு’ என்று குரல் கொடுக்கும்: போயிட்டு வரேன். ‘மோ’ நம்முடைய ‘உம்’: வதாஷி மோ, நானும்; தரே மோ, யாரும். பிறர் சொன்னதைச் சொல்லும்போது வாக்கியத்தை முடித்து ‘தொ’ போட்டால் அது நம்முடைய ‘என்று’.

உச்சரிப்பிலும் நமக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ‘ஒபசன்’ என்றால் அத்தை வயதுப் பெண், ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. குறிலும் நெடிலும் பிரித்தே வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் காதில் விழும். மற்றவர்கள் அத்தையைப் பாட்டியாக்கி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. ஜப்பான் அரிச்சுவடி அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போவது தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் மந்திரம் ஓதுவதற்காகச் சித்த எழுத்தைப் படித்தார்கள். அதன் வழியாகப் போன இந்திய வரிசைதான் அது.

இந்த இடத்தில் சுசுமு ஓனோவைச் சொல்லாமல் போக முடியாது. தோக்கியோ கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் இருந்த அந்த மொழியறிஞர் (1919–2008) தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே வாதாடினார். சென்னையிலிருந்து பொற்கோவும், யாழ்ப்பாணத்திலிருந்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். நம் ஊர்த் தமிழ் மேடைகளில் இது இன்றைக்கும் கைதட்டல் வாங்கித் தரும். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கொரியமும் துருக்கியமும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. இரண்டு வீடுகள் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டிருந்தால் குடியிருப்பவர்கள் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இருட்டில் நுழைந்தாலும் சமையல்கட்டு எங்கே என்று தெரிகிறதே, படிக்கிறவளுக்கு அது போதும்.

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு. வாங்கினேன், வாங்கினான், வாங்கினார் எல்லாவற்றுக்கும் ஒரே ‘கத்தா’. யார் வாங்கினார் என்று வினைமுற்று சொல்லாததால், ரொம்ப நாள் எனக்கு ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் அறுந்து நிற்பதுபோலவே இருந்தது. பொருள்களை எண்ணுவது இன்னொரு தொல்லை. பென்சிலுக்கு ஒரு எண்ணுச்சொல், பூனைக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. இங்கே என்னைக் காப்பாற்றியது மலாய். எஸ்பிஎம்முக்காக மனப்பாடம் செய்த ‘பெஞ்சோடோ பிலாங்கான்’ ஞாபகம் இருக்கிறதா? செபாதாங், செஎக்கோர், செஹெலாய். அதே ஏற்பாடுதான் ஜப்பானிலும்: இப்பொன், இப்பிக்கி, இச்சிமாய். வகுப்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் இதை நினைத்து அழாத குறை. நாங்கள் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பதினேழு வயதிலேயே அழுது முடித்தவர்கள்.

மிச்சம் இருப்பது காஞ்சி. அதற்கு ஸ்ரீ கெம்பாங்கானைவிட நல்ல இடம் இல்லை. அவசரகாலத்தில் உண்டான புதுக்கிராமம் இது. செர்டாங் பாரு பக்கம் போனால் கடைக்குக் கடை பலகையில் அந்த எழுத்துகள்தான். சின்ன வயதிலிருந்து படம்போலப் பார்த்துக் கடந்துபோன பலகைகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. தேநீர், அரிசி, இறைச்சி, பெரியது, சின்னது. சில எழுத்துகள் இங்கே சுருக்கி எழுதப்பட்டு ஜப்பானிய வடிவத்திலிருந்து மாறியிருக்கும். சாப்பாட்டுக் கடை அங்கிளிடம் கேட்டால் பழைய வடிவத்தை மீ மேலே ஊற்றும் சோயா சாற்றைத் தொட்டு மேசையிலேயே எழுதிக் காட்டுவார். ஆக, வாக்கியத்துக்குத் தமிழ், எண்ணுவதற்கு மலாய், எழுத்துக்குப் பக்கத்து வீட்டுச் சீனர். ஜப்பான் மொழிக்கு வேண்டிய சாமானில் பெரும்பங்கு செர்டாங் ஆள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் ஆங்கிலத்தை நடுவில் உட்கார வைத்துவிட்டு மொழி கடினம் என்கிறோம்.

சரி, தீவுக்கு வருவோம்.

ஒக்கினாவாவின் தலைநகர் நாஹாவிலிருந்து தோக்கியோ 1,500 கிலோமீட்டருக்கு மேல். தைப்பேயோ அதில் பாதித் தூரம்கூட இல்லை. தைப்பே வழியாகப் போனேன். ஜப்பானில் மற்ற ஊர்கள் பனியில் கிடக்கிற ஜனவரியில் நாஹாவில் கேமரன் மலைக் குளிர்தான். மோத்தோபு பக்கத்து மலையில் அந்த மாதமே செர்ரி பூத்துவிடும், அடர்ந்த இளஞ்சிவப்பில். மே பிறந்தால் மழைக்காலம், அது ஜூனில் முடிந்ததும் கொளுத்தும் வெயில், பிறகு புயல். நம் நாட்டில் புயல் என்றால் செய்தியில் பார்ப்பதோடு சரி. அங்கே புயல் நெருங்கினால் மோனோரயில் நிற்கும், பேருந்து நிற்கும், வகுப்பும் ரத்து. வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் பெட்டிகள். எதற்கு இவ்வளவு அவலட்சணமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தவள், முதல் புயலின்போது சுவரைத் தடவிக் கொடுத்தேன்.

காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஊர். இதுதான் தினசரி. நாமினோவே கடற்கரை ஊர் நடுவிலேயே இருக்கிறது. பாறை மேல் கோயில், கீழே மணல். சொற்பட்டியலை ஈரக்கையால் புரட்டிக்கொண்டு குறிலையும் நெடிலையும் உரக்கச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடுமுறை நாளில் தோமாரி துறையிலிருந்து படகு பிடித்தால் கெராமா தீவுகள். அந்தத் தண்ணீரின் நீலத்தை வர்ணிக்கப் புகுந்தால் பதிவு முடியாது, விட்டுவிடுகிறேன்.

நான் பேசிப் பழகியது பெரும்பாலும் வகுப்புக்கு வெளியேதான். நாஹாவில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நேப்பாள மாணவர்கள் நிறைய. ஒரு ராத்திரி கடையில் நிற்கிறேன். கல்லாவில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்ததும் பளிச்சென்று ஹிந்தியில் பேச ஆரம்பித்தான். எனக்கு ஹிந்தி என்றால் ஷாருக்கான் பாட்டோடு சரி. ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், அவனுக்கு அது சரளமில்லை. இருவரும் ஒரு நொடி விழித்துவிட்டு, ஒரே நேரத்தில் ஜப்பான் மொழிக்கு மாறினோம். அவன் அண்ணன் ஷா ஆலாமில் காவலாளியாக இருக்கிறாராம். எங்கள் தாமான் வாசலில் நிற்கிற நேப்பாளி அண்ணனிடம் நான் மலாய் பேசுகிறேன், இவனிடம் ஜப்பான் மொழி. அவன் தப்பை நானும் என் தப்பை அவனும் கண்டுகொள்ளாததால் வேகம் வந்தது. வாத்தியார் முன்னால் வராத வேகம்.

இன்னொரு பள்ளிக்கூடம் மக்கிஷி சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. அங்கே ‘கோயா ச்சம்புரு’ என்று ஒன்று கிடைக்கும். கோயா என்றால் நம் பாகற்காய். டோஃபு, முட்டை, பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்து வதக்குவார்கள். எனக்கு இறைச்சி இல்லாமல். கடைக்காரப் பாட்டி, “கசக்குமே, சாப்பிடுவாயா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் வாரா வாரம் சாப்பிடுவோம் என்றேன். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

தப்பிக்க வழியில்லை. அறுத்து, உப்புப் போட்டு, பிசைந்து, தண்ணீரைப் பிழிந்து, வதக்கி, புளி கரைத்து ஊற்றி, கொதிக்கவிட்டு, வெல்லம் போட்டு, இறக்கி வைத்து, மறுநாள் சாப்பிடுவோம். மனதில் ஓடிய தமிழை அப்படியே தெ, தெ, தெ என்று அடுக்கிக்கொண்டே போனேன். கித்தெ, இரெதெ, மொந்தெ, ஷிபொத்தெ. நடுவில் எங்கேயும் வாக்கியத்தை முடிக்கவில்லை, முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. உப்புப் போட்டுப் பிழிவதற்குத் தலையாட்டினார், அவரும் அப்படித்தானாம். புளி என்னவென்று விளங்கவில்லை. வெல்லத்துக்கு அந்தத் தீவின் கருப்புச் சர்க்கரையைச் சொன்னதும், “பாகற்காயிலா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த முறை போனபோது தட்டோரத்தில் ஒரு கட்டி கருப்புச் சர்க்கரை இருந்தது, கேலிக்கு.

ச்சம்புரு என்ற பெயரும் நம் நாசி ச்சம்பூரில் இருக்கும் மலாய்ச் சொல்லும் ஒன்றே என்று பலர் சொல்கிறார்கள். நிரூபணம் இருக்கிறதோ இல்லையோ, கப்பல் இருந்தது. ஒக்கினாவா அப்போது ரியூக்கியூ என்ற தனி அரசு. 15ஆம் நூற்றாண்டில் அதன் கப்பல்கள் மலாக்காவுக்கு வந்துபோயின. மலாக்கா சுல்தானுக்கு அந்த அரசு எழுதிய கடிதங்கள் ‘ரெக்கிதாய் ஹோஆன்’ என்ற அரசாங்க ஆவணத் தொகுப்பில் இருக்கின்றன. அதே துறைமுகத்தில்தான் நம் தமிழ் வணிகர்களும் கடை விரித்திருந்தார்கள். ரியூக்கியூக்காரரும் தமிழ்ச் செட்டியும் சந்தித்திருந்தால் மலாயில்தான் பேரம் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1879இல் ஜப்பான் அந்த அரசைக் கலைத்து ஒக்கினாவா மாநிலமாக்கியது. பிறகு பள்ளிகளில் ‘ஹோகென் ஃபுதா’ வந்தது: வீட்டு மொழியைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவார்கள், அடுத்து எவன் வாய்தவறிப் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். 1945 போரில் ஒக்கினாவா மொழி பேசுபவரை ஒற்றராகக் கருதித் தண்டிக்க ஜப்பானிய ராணுவமே உத்தரவு போட்டது. அந்தப் போரில் தீவு மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மாண்டார். மாபுனியில் கடலைப் பார்த்து நிற்கும் கற்சுவர்களில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, எந்த நாட்டவர் என்று பாராமல். இன்று தீவுகளின் மொழிகள் அத்தனையும் யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில். கடைக்காரப் பாட்டி தன் தோழிகளிடம் பேசுவது அந்தப் பழைய மொழி. எனக்கு ஒரு வரி புரியாது. அவருடைய பேத்திக்கும் புரியாதாம்.

இதை எழுதும்போது எங்கள் ஆயாவைத் தவிர்க்க முடியவில்லை. காஜாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவர். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போன லாரியில் அவருடைய தாய்மாமா ஏறினார், திரும்பவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து எண்களைச் சொல்லிப் பார்த்தபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது: “இச்சி, நி, சான், சி.” பத்து வரைக்கும் தடங்கல் இல்லாமல். தோட்டத்துப் பள்ளியில் வரிசையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களாம், தப்பினால் கன்னத்தில் அறை. “ஏண்டி, அவன் எங்களுக்கு அடிச்சுச் சொல்லிக் குடுத்தான். நீ காசு குடுத்துப் போய்ப் படிக்கிறியா?” என்று கேட்டார். கோபமா கிண்டலா என்று பிரிக்க முடியாத குரல். நான் பதில் சொல்லவில்லை. பிறகு அவரே “சி இல்ல, யோன்னும் சொல்லலாம்” என்று நாலுக்குத் திருத்தம் கொடுத்தார். அதுவும் சரிதான்.

1982இல் மகாதீர் ‘கிழக்கை நோக்கு’ என்று அறிவித்து, அதே ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஜப்பானுக்குத் தயார்படுத்தும் பிரிவைத் தொடங்கியபோது, ஆயாவின் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் முடிந்து நாற்பது வருடம்கூட ஆகியிருக்கவில்லை. 2024இல் சுக்குபா பல்கலைக்கழகம் கோலாலம்பூரிலேயே கிளை திறந்துவிட்டது. அறைக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் நடுவில் எத்தனை குடும்பங்களில் இப்படி ஒரு மேசைப் பேச்சு நடந்திருக்கும்!

இனி, கேட்டவர்களுக்கு விவரம். ஒக்கினாவாவில் வாடகை தோக்கியோவைவிடக் குறைவு, சம்பளமும் குறைவு. மாணவர் விசாவில் அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் விசா தேவையில்லை, குறுகியகால வகுப்புக்கு அது போதும், ஆனால் அதில் வேலை செய்யக்கூடாது. அதற்கு மேல் தங்க வேண்டுமானால் பள்ளி வழியாகத் தகுதிச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். போவதற்கு முன் ஜப்பான் மொழித் திறன் தேர்வில் குறைந்தது என்5 அளவுக்காவது இங்கேயே படித்துவிடுங்கள். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வரும். காசில்லாமல் தொடங்க ஜப்பான் அறக்கட்டளையின் ‘இரோதோரி’ பாடநூல் இணையத்தில் இலவசம், ‘மினாத்தோ’ தளத்தில் சுயமாகப் படிக்கும் வகுப்புகளும் உண்டு. இரண்டிலும் விளக்கம் ஆங்கிலத்தில் வரும்போது ஓரத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். கடல் முக்கியம் என்றால் ஜூன் கடைசிக்குப் பிறகு போங்கள். படிப்பு முக்கியம் என்றால் மழையடிக்கும் மே மாதமே நல்லது, வெளியே போக மனசு வராது.